உலக சாம்பியன்கள் எழுதிய செஸ் புத்தகங்கள்: எதை, எந்த வரிசையில், எப்படிப் படிப்பது?

விதிகள் தெரிந்து, ஆன்லைனிலோ கிளப்பிலோ ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும், பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துப்போகும் பெற்றோருக்கும் இந்தப் பக்கம். கட்டங்களின் பெயரைத் தமிழ் எழுத்தில் தருகிறோம்: வெள்ளையின் இடக்கை ஓரக் கோடு ஏ, வலக்கை ஓரக் கோடு எச்; வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8. காய்கள் ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய்.

யூடியூபும் பசில் ஆப்பும் கையில் இருக்கும்போது நூறு வருஷத்துப் புத்தகம் எதற்கு?

பசில் (ஒரு நிலையைக் கொடுத்து வெல்லும் நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர்) போடும்போது ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நிஜ ஆட்டத்தில் நாற்பது நகர்வில் முப்பதில் அப்படி எதுவும் இருக்காது. எந்தக் காயை எங்கே வைப்பது, எதை மாற்றிக்கொள்வது, எந்தச் சிப்பாயைத் தொடாமல் விடுவது என்று தடுமாறுவது அந்த முப்பதில்தான். சாம்பியன் தன் ஆட்டத்துக்குத் தானே எழுதும் குறிப்பில் அந்தச் சாதாரண நகர்வுகளுக்கும் காரணம் கிடைக்கும். இன்ஜின் (நகர்வுகளை மதிப்பிடும் கணினி நிரல்) எண்ணைத் தரும், காரணத்தைத் தராது. வீடியோவில் காரணம் கிடைக்கலாம். ஆனால் அடுத்த நகர்வை நீங்கள் யோசித்து முடிக்கும்வரை வீடியோ காத்திருக்காது.

ஒரு நிபந்தனை. ஆட்டத்துக்கு ஒரு காயைச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் முதலில் இரண்டு மூன்று மாதம் பசில் போடுங்கள். அந்த நிலையில் எந்தச் சாம்பியன் புத்தகமும் உதவாது.

முதல் புத்தகம் எது?

கபாபிளாங்காவின் ‘செஸ் ஃபண்டமென்டல்ஸ்’. அவர் லாஸ்கரை வென்று உலக சாம்பியன் பட்டம் பெற்ற 1921-லேயே வந்த புத்தகம். ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1000 முதல் 1500 வரை இருக்கும் பெரும்பாலானோருக்கு இதற்கு மேல் பொருத்தமான தொடக்கம் கிடையாது என்பது எங்கள் கருத்து.

காரணம் அதன் வரிசை. மற்றப் புத்தகங்கள் ஓபனிங்கில் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளில்) தொடங்கும். இவர் ராஜாவும் யானையும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்வதில் தொடங்குகிறார். அடுத்து சிப்பாயை ராணியாக்குவது, சிப்பாய் எண்ட்கேம் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்). அதன்பின் மிடில்கேமில் (நடு ஆட்டத்தில்) வெல்லும் நிலைகள், காய்களின் ஒப்பு மதிப்பு. ஓபனிங் பற்றிய பொதுப் பேச்சு அதற்கப்புறம்தான். பலகையில் காய் குறைவாக இருக்கும்போதுதான் ஒரு காய் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பது கண்ணுக்குத் தெரியும். அந்தப் பார்வை வந்தபின் நடு ஆட்டத்துக்குப் போனால், எந்த எண்ட்கேமுக்காகக் காய்களை மாற்றுகிறோம் என்பது புரியும்.

பிற்பகுதியில் 14 ஆட்டங்கள் குறிப்புகளோடு வருகின்றன. தான் தோற்றதையும் அவர் ஒளிக்கவில்லை. 1911-இல் சான் செபாஸ்டியனில் ரூபின்ஸ்டைனிடம் தோற்ற ஆட்டம் அங்கே இருக்கிறது. எங்கே தவறினோம் என்று தன் கையாலேயே சுட்டுகிறார். வெற்றிகளைவிட இந்தத் தோல்விகளில்தான் பாடம் அதிகம் என்பதால், அவசரப்பட்டுத் தாண்டிப்போகாதீர்கள்.

குறையும் உண்டு. கபாபிளாங்கா சிக்கனமாக எழுதுபவர். ‘இது வெளிப்படை’ என்று அவர் கடந்துபோகும் இடம் உங்களுக்கு அவ்வளவு வெளிப்படையாக இருக்காது. அங்கே நின்று, ஏன் வெளிப்படை என்று பலகையில் நீங்களே காய் வைத்துப் பார்க்க வேண்டும். உண்மையில் இந்தப் புத்தகத்தில் உழைப்பு முழுவதும் அந்த இடங்களில்தான்.

அதற்கப்புறம்?

1400-ஐத் தாண்டும் சமயத்தில் மாக்ஸ் யூவே, வால்டர் மெய்டனுடன் சேர்ந்து எழுதிய ‘செஸ் மாஸ்டர் வெர்சஸ் செஸ் அமெச்சூர்’. யூவே 1935-இல் அலெகினை வென்று சாம்பியன் ஆனவர், தொழிலால் கணித ஆசிரியர். அந்த ஆசிரியத்தனம் புத்தகம் முழுக்கத் தெரியும். மொத்தம் 25 ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மாஸ்டர், எதிரே சாதாரண ஆட்டக்காரர். இருவர் நகர்வுக்கும் விளக்கம் இருக்கிறது. நாம் செய்யும் அதே தப்பை எதிரில் இருப்பவர் செய்து, அதற்கு என்ன தண்டனை கிடைக்கிறது என்று காட்டும் புத்தகம் அரிது. கிராண்ட்மாஸ்டர்கள் தங்களுக்குள் ஆடும்போது அந்தத் தப்பு நடக்கவே நடக்காது.

1600 அளவில் டாலின் ‘டால்–பாட்வின்னிக் 1960’. உலக சாம்பியன் பட்டத்துக்காக டாலும் பாட்வின்னிக்கும் ஆடிய ஒரே மேட்ச், 21 ஆட்டம், டால் 12½–8½ என்று வென்றது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் என்ன நினைத்தார், எதைக் கண்டு தயங்கினார், முந்தின நாள் முடிவு அன்றைய ஓபனிங் தேர்வை எப்படி மாற்றியது என்பதெல்லாம் வருகிறது. இதை வரிசை மாற்றாமல் படிக்க வேண்டும். நடுவில் ஒரு ஆட்டத்தை மட்டும் உருவிப் பார்த்தால் பாதி சுவை போய்விடும்.

1800-க்கு மேல் ஃபிஷரின் ‘மை 60 மெமரபிள் கேம்ஸ்’ (1969), அலெகினின் ‘மை பெஸ்ட் கேம்ஸ்’. ஃபிஷரின் அறுபதில் மூன்று தோல்விகள்: டால், ஸ்பாஸ்கி, கெல்லர் ஆகியோரிடம். ஒன்பது டிராவும் உண்டு. கிளை நகர்வுகள் (ஆட்டத்தில் ஆடப்படாமல், ஆடியிருந்தால் என்ன ஆகும் என்று குறிப்பில் காட்டப்படுபவை) நீளமாக, அடர்த்தியாக வரும். 1300-இல் இதை எடுத்தவர்கள் பெரும்பாலும் ஐந்தாவது ஆட்டத்துக்குள் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

காஸ்பரோவின் ‘மை கிரேட் பிரெடசஸர்ஸ்’ ஐந்து தொகுதிகளை (2003–2006) வரலாற்று ஆர்வத்துக்காக எந்த நிலையிலும் புரட்டலாம். பயிற்சிக்கு வேண்டுமென்றால் 2000 வரை பொறுங்கள்.

‘பாபி ஃபிஷர் டீச்சஸ் செஸ்’ குழந்தைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். குறியீடு தெரியவேண்டியதில்லை, படமும் அம்புக்குறியும்தான். கேள்வி ஒரு பக்கம், பதில் அடுத்த பக்கம். வலப்பக்கங்களை மட்டும் கடைசிவரை படித்து, பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பித் திரும்பி வருவது போல அச்சிட்டிருப்பார்கள். தலைகீழ் எழுத்தைப் பார்த்து அச்சுப்பிழை என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளடக்கம் ஏறக்குறைய முழுவதும் மேட் செய்வது பற்றியது, அதிலும் கடைசி வரிசை மேட் அதிகம். ஆட்டத்தின் மற்ற பகுதிகளுக்கு இது போதாது.

உட்காரும் முன் என்னென்ன வேண்டும்?

இரண்டு பலகை. ஒன்று பெரியது, புத்தகத்தின் மூல ஆட்டம் அதில் மட்டும் நகரும். இன்னொன்று சின்னக் காந்தப் பலகை, கிளை நகர்வுகளுக்கு. ஒரே பலகையில் இரண்டையும் செய்தால், ஆறு நகர்வு உள்ளே போய்விட்டுத் திரும்பும்போது ஏதாவது ஒரு சிப்பாய் தவறான கட்டத்தில் நின்றுவிடும். பத்து நகர்வு கழித்து ‘இந்த நகர்வு சாத்தியமே இல்லையே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்குப் பத்துக்கு ஒன்பது தடவை இதுதான் காரணம்.

அதோடு, வரியை மறைக்கத் தடித்த அட்டை ஒன்று (பழைய விசிட்டிங் கார்டு போதும்), கோடு போட்ட நோட்டு, பென்சில். போனை வேறு அறையில் வையுங்கள். அழைப்பு வரும் என்பதைவிட, இன்ஜினைத் திறந்து பார்க்கும் ஆசைதான் பெரிய தொல்லை.

திரையில் படிக்கிறவர்கள் லிசெஸ் தளத்தின் ‘ஸ்டடி’ வசதியைப் பயன்படுத்தலாம். ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயம் வரை வைக்கலாம், ஃபிஷரின் 60 ஆட்டமும் ஒன்றிலேயே அடங்கிவிடும். அத்தியாயத்தை உருவாக்கும்போது அடுத்த நகர்வுகளை மறைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இருந்தாலும் போட்டியில் மரப்பலகையில் ஆடப்போகிறவர் மரப்பலகையில் படிப்பதே நல்லது.

ஒரு ஆட்டத்தை எப்படிப் படிக்க வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதல் சுற்று பத்து நிமிடம். குறிப்புகளைத் தொடாமல் நகர்வுகளை மட்டும் வைத்து ஆட்டத்தை முடியுங்கள். கதை எப்படிப் போகிறது, ராணிகள் எப்போது மாறின, எங்கே திருப்பம் என்று மட்டும் கவனியுங்கள். கண்டுபிடிக்கும் சுகம் கெடும் என்று நினைப்பவர்கள் இதை விட்டுவிடலாம்.

இரண்டாம் சுற்றுதான் உண்மையான வேலை, முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். ஓபனிங்கின் முதல் எட்டுப் பத்து நகர்வை அப்படியே வையுங்கள். அதன்பின் அட்டையால் வரியை மறைத்து, வென்றவர் பக்கத்து நகர்வை நீங்கள் முடிவு செய்யுங்கள். சாதாரண நகர்வுக்கு இரண்டு நிமிடம், சிக்கலான இடத்தில் பத்து நிமிடம். நோட்டில் உங்கள் நகர்வும் அரை வரிக் காரணமும் எழுதுங்கள். எழுதியபின்தான் அட்டையை நகர்த்த வேண்டும். எழுதாவிட்டால் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று மனம் சமாதானம் சொல்லிவிடும்.

மதிப்பெண் வேண்டுமா? அதே நகர்வு, காரணமும் சரி என்றால் 3. வேறு நகர்வு, ஆனால் சாம்பியன் குறிப்பில் அதையும் நல்லது என்கிறார் என்றால் 2. எண்ணம் சரி, நகர்வு தவறு என்றாலும், நகர்வு சரி, காரணம் தவறு என்றாலும் 1. காயை இழக்கும் நகர்வு என்றால் 0. மொத்தத்தைவிட, பூஜ்யங்கள் எங்கே கூடுகின்றன என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஓர் உதாரணம். அலெகின் குறிப்பெழுதிய நியூயார்க் 1924 போட்டிப் புத்தகத்தில் கபாபிளாங்கா–டார்டகோவர் ஆட்டம். 34 நகர்வு முடிந்ததும் நிலை இது.

வெள்ளை: ராஜா எஃப்3, யானை எச்7, சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி5.
கறுப்பு: ராஜா எஃப்8, யானை சி6, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, எஃப்5.

வெள்ளையின் முறை. பலகையில் வைத்து, கீழே படிக்காமல் பத்து நிமிடம் கொடுங்கள்.

கறுப்பு யானை சி3 சிப்பாயைக் குறிவைத்து நிற்கிறது, அதைக் காப்பாற்ற வழியில்லை. இதைப் பார்த்ததும் கை தானாக ராஜாவை இ2 பக்கம் திருப்பி, மிச்சச் சிப்பாய்களையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று போகும். கபாபிளாங்காவின் 35-வது நகர்வு ராஜா ஜி3. எதிர்ப் பக்கம்! யானை சி3-ஐச் செக்கோடு வெட்டுகிறது. ராஜா எச்4. யானை எஃப்3-க்கு வந்து அடுத்த சிப்பாயைக் கேட்கிறது. வெள்ளை அதையும் காக்காமல் சிப்பாயை ஜி6-க்குத் தள்ளுகிறது. யானை எஃப்4-ஐ மறுபடி செக்கோடு வெட்டுகிறது. ராஜா ஜி5, இப்போது யானையைத் தாக்குகிறது. யானை இ4. 39-வது நகர்வு ராஜா எஃப்6.

நான்கே நகர்வில் இரண்டு சிப்பாய், இரண்டும் செக்கோடு போயின. பதிலுக்குக் கிடைத்தது என்ன? ராஜா எஃப்6, சிப்பாய் ஜி6, யானை ஏழாம் வரிசையில். அடுத்து யானை எச்8 மேட் என்ற மிரட்டல். இங்கே ஒன்று கவனியுங்கள்: வெள்ளை ராஜா எஃப்5 சிப்பாயை 39-இல் வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை. அந்தக் கறுப்புச் சிப்பாய் அங்கேயே நின்றால் எஃப் கோட்டில் யானை செக் கொடுக்க முடியாது. எதிரியின் சிப்பாயே குடையாகிறது. அவசரம் தீர்ந்தபின், 42-வது நகர்வில்தான் வெட்டுகிறார். அதற்கு முன்னால் சி7, பிறகு ஏ7, டி5 என்று கறுப்பின் சிப்பாய்கள் விழுகின்றன. 52-வது நகர்வோடு ஆட்டம் முடிந்தது.

‘ராஜா ஜி3’ என்று நோட்டில் எழுதியிருந்தாலும் காரணம் ‘எஃப்4-ஐக் காக்க’ என்று இருந்தால் 1 மதிப்பெண்தான். யானை எண்ட்கேமில் சிப்பாய் எண்ணிக்கையைவிட ராஜாவும் யானையும் எவ்வளவு சுறுசுறுப்பாக நிற்கின்றன என்பது பெரிது; இந்தக் கருத்து காரணத்தில் இருந்தால் 3.

மூன்றாம் சுற்று மறுநாள், பதினைந்து நிமிடம். புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எவ்வளவு தூரம் வைக்க முடிகிறது என்று பாருங்கள். தடுமாறும் இடம் புரியாத இடம்.

ஆட்டங்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். புரிந்தது தானாக நினைவில் நிற்கும்.

கிளை நகர்வுகளுக்குள் போனால் தொலைந்துவிடுகிறேன். என்ன செய்வது?

எல்லாக் கிளையையும் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலில் மூல நகர்வும் வாக்கியமாக எழுதப்பட்ட குறிப்பும் மட்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் கிளைகளில், நீங்கள் நோட்டில் எழுதிய நகர்வுக்குப் பதில் சொல்லும் கிளையை மட்டும் சின்னப் பலகையில் வைத்துப் பாருங்கள். ‘நான் போட்டது ஏன் தப்பு’ என்ற கேள்விக்குத்தான் அந்தக் கிளை பதில். மற்றவை பிறகு.

கிளையை முதலில் கண்ணாலேயே மூன்று நகர்வு வரை ஓட்டிப் பார்த்து, அதன்பின் காயைத் தொடுங்கள். கணக்கிடும் பயிற்சி இதிலேயே வந்துவிடும். ஃபிஷர் புத்தகத்தில் ஒரு கிளை பத்துப் பன்னிரண்டு நகர்வு போகும். பாதியில் நிலையை நோட்டில் குறித்துக்கொண்டால் வழி தவறாது.

பழைய பதிப்பில் ‘கே4’, ‘க்யூபி3’ என்றெல்லாம் இருக்கிறது. புரியவே இல்லை.

அது விவரிப்புக் குறியீடு. ஆங்கில உலகத்தில் நெடுங்காலம் இதுதான் வழக்கம். உலக செஸ் கூட்டமைப்பு 1981-க்குப் பின் இதை ஏற்பதில்லை, ஆனால் பழைய பதிப்புகள் இதில்தான் இருக்கின்றன. ஒரு மாலையில் பழகிவிடும்.

கோட்டுக்குப் பெயர், ஆட்டத் தொடக்கத்தில் அங்கே நிற்கும் காயை வைத்து. ஏ கோடு க்யூஆர் (ராணிப்பக்க யானை), பி கோடு க்யூஎன் (ராணிப்பக்கக் குதிரை), சி கோடு க்யூபி (ராணிப்பக்க பிஷப்), டி கோடு க்யூ, இ கோடு கே, எஃப் கோடு கேபி, ஜி கோடு கேஎன், எச் கோடு கேஆர். இன்னும் பழைய பதிப்புகளில் குதிரைக்கு என்-க்குப் பதில் கேடி என்று இரண்டு எழுத்து இருக்கும். கே மட்டும் வந்தால் ராஜா. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சிக்கல் வரிசை எண்ணில்தான். ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். வெள்ளை ‘சிப்பாய்–கே4’ என்றால் இ4. கறுப்பு ‘சிப்பாய்–கே4’ என்றால் இ5. கறுப்பின் எண்ணை 9-இலிருந்து கழித்தால் இன்றைய எண் கிடைக்கும். கறுப்பு ‘யானை–கே1’ என்றால் 9-இலிருந்து 1 போக 8, ஆகவே இ8.

முயன்று பாருங்கள்: 1. சிப்பாய்–கே4, சிப்பாய்–கே4. 2. குதிரை–கேபி3, குதிரை–க்யூபி3. 3. பிஷப்–என்5. இன்றைய குறியீட்டில் இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் பி5. ரூய் லோபெஸ் என்ற ஓபனிங். மூன்றாவதில் ‘என்5’ என்று மட்டும் இருக்கிறது, ராணிப்பக்கமா ராஜாப்பக்கமா என்று சொல்லவில்லை. அந்த பிஷப் போகக்கூடியது ஒரு என்5-க்கு மட்டும் என்பதால் சொல்லத் தேவையில்லை. ‘சிப்பாய் சிப்பாயை வெட்டியது’ என்று மொட்டையாக வரும் இடமும் இப்படித்தான்: அப்படி வெட்டக்கூடியது அந்த நிலையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இரண்டு தெரிந்தால் உங்கள் பலகையில் ஏதோ தவறிவிட்டது என்று அர்த்தம்.

ஆச்சரியக்குறி, கேள்விக்குறி எல்லாம் என்ன?

! நல்ல நகர்வு, !! அபாரம், ? தவறு, ?? பெருந்தவறு, !? ஆராயத்தக்கது, ?! சந்தேகத்துக்குரியது. இவை குறிப்பெழுதியவரின் கருத்துதான். சில சாம்பியன்கள் தங்கள் நகர்வுக்கு ஆச்சரியக்குறியைத் தாராளமாகவே வழங்குவார்கள்.

இன்ஜினை எப்போது திறக்கலாம்?

இரண்டாம் சுற்று முடிந்து, நோட்டில் குறைந்தது ஒரு கேள்வி எழுதியபின். ‘23-இல் குதிரையை வெட்டினால் என்ன ஆகும்’ என்பது போலக் குறிப்பான கேள்வி. அதற்கு விடை தெரிந்ததும் மூடிவிடுங்கள். மதிப்பீட்டில் 0.3-க்குள் வரும் வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதீர்கள், நம் நிலையில் அதற்கு அர்த்தம் இல்லை.

இன்ஜினோடு ஒப்பிட்டால் எல்லாச் சாம்பியன் புத்தகத்திலும் பிழை இருக்கிறது. அதனால் புத்தகம் வீண் என்று ஆகாது. 1962 வர்ணா ஒலிம்பியாடில் பாட்வின்னிக்கும் ஃபிஷரும் ஆடி டிராவான ஆட்டம் ஒரு நல்ல சான்று. யானை எண்ட்கேமில் தான் வென்றிருக்க வேண்டியது என்பது ஃபிஷரின் வாதம். டிராதான் என்பது பாட்வின்னிக்கின் வாதம். ஃபிஷர் தன் புத்தகத்தில் பாட்வின்னிக்கின் பகுப்பாய்வையும் எடுத்துப்போட்டு அதோடு மோதுகிறார். பிற்பாடு பாட்வின்னிக்கின் பள்ளியில் மாணவராக இருந்த சிறுவன் காஸ்பரோவும் அந்த நிலையில் தலையிட்டு, டிராவுக்கு ஆதரவான நகர்வைக் கண்டார். இந்தச் சண்டையைப் பலகையில் வைத்து, யார் எந்த நகர்வில் எதை நம்பினார் என்று பார்க்கும்போது யானை எண்ட்கேம் பற்றிக் கற்பது ஏராளம். இன்ஜினின் ‘0.00’ (சமநிலை) மட்டும் பார்த்திருந்தால் அது கிடைக்காது.

அதிலுள்ள ஓபனிங்குகள் பழசாகிவிட்டனவே?

ஆமாம், பல காலாவதி. 1920-களின் ஓபனிங் குறிப்பை நம்பிப் போட்டியில் ஆடாதீர்கள். லாஸ்கர் 1895-இல் லண்டனில் நிகழ்த்திய உரைகளின் தொகுப்பான ‘காமன் சென்ஸ் இன் செஸ்’ நூலில், ராஜா, ராணி முன்னுள்ள சிப்பாய்களைத் தவிர வேறு சிப்பாயைத் தொடக்கத்தில் நகர்த்தாதே, பிஷப்பைவிடக் குதிரையை முதலில் வெளியே கொண்டுவா என்ற ரீதியில் விதிகள் வரும். இன்றைய சிசிலியன், கிங்ஸ் இந்தியன் போன்ற ஓபனிங்குகள் அந்த விதியை மீறியே பிழைக்கின்றன. ஆனாலும் 1200-க்குக் கீழே ஆடுபவர் அந்த விதிகளைப் பின்பற்றினால் ஓபனிங்கில் தோற்க மாட்டார்.

எந்தப் பதிப்பை வாங்குவது? இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை சரியா?

ஃபிஷரின் அறுபது ஆட்டங்களுக்கு 1995 பேட்ஸ்ஃபோர்டு பதிப்பு வேண்டாம். இன்றைய குறியீட்டுக்கு மாற்றியதோடு நில்லாமல் உரையிலும் பகுப்பாய்விலும் கை வைத்துவிட்டார்கள் என்று ஃபிஷரே கொதித்தார். 2008-இல் அதே பதிப்பகம் மூல உரைக்குத் திரும்பி, குறியீட்டை மட்டும் மாற்றி வெளியிட்டது. அதை வாங்குங்கள்.

‘செஸ் ஃபண்டமென்டல்ஸ்’ நூலுக்கும் 2006-இல் வேறொருவர் திருத்திய பதிப்பு உண்டு. அட்டையில் ‘திருத்தப்பட்டது’ என்று பார்த்தால், கபாபிளாங்கா எழுதாததும் அதில் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1921 மூலம் விவரிப்புக் குறியீட்டில் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் கழித்துப் பதிப்புரிமை முடிகிறது. கபாபிளாங்கா இறந்தது 1942, ஆகவே அது எப்போதோ பொதுச்சொத்து. ஃபிஷர் 2008-இல் இறந்தார், அவர் புத்தகத்துக்கு உரிமை இன்னும் இருக்கிறது. இலவசப் பிடிஎஃப் என்றால் அது திருட்டுப் பிரதிதான். மொழிபெயர்ப்பு நூலில் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி.

மலிவு மறுபதிப்புகளில் கவனம் தேவை. ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போது 3, 8 ஆகும். பி கோடு எச் கோடாகும். படத்தில் ஒரு சிப்பாய் காணாமல் போகும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: நகர்வு பலகையில் சாத்தியமில்லை, அல்லது ஒரு ராணியைக் காரணமில்லாமல் கொடுக்கிறது. உடனே அந்த ஆட்டத்தை ஏதாவது ஆட்டத் தொகுப்புத் தளத்தில் ஆடியவர் பெயர், ஊர், வருஷம் போட்டுத் தேடி, நகர்வுகளை ஒப்பிட்டு, புத்தகத்தில் பென்சிலால் திருத்துங்கள். வாங்குமுன் முதல் ஆட்டத்தை மட்டும் இப்படிச் சோதித்தாலே பதிப்பின் தரம் தெரிந்துவிடும்.

சாம்பியன் பெயர் அட்டையில் இருந்தால் அவரே எழுதியதா?

எப்போதும் இல்லை. உள் அட்டையில் ‘உடன்’ என்று இன்னொரு பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மோசம் என்று அர்த்தமில்லை. ‘பாபி ஃபிஷர் டீச்சஸ் செஸ்’ நூலில் ஸ்டூவர்ட் மார்குலிஸ், டான் மோசன்ஃபெல்டர் இருவரும் இணையாசிரியர்கள். காஸ்பரோவின் தொகுதிகளில் டிமிட்ரி பிளிசெட்ஸ்கி. பார்க்க வேண்டியது குறிப்பின் குரல். ‘இங்கே நான் இதைக் கவனிக்கவில்லை’, ‘நேரம் குறைவாக இருந்ததால் எளிய வழியைத் தேர்ந்தேன்’ என்பது போன்ற வரிகள் ஆடியவரால் மட்டுமே எழுத முடியும். பக்கம் பக்கமாக வெறும் நகர்வும் குறியும் மட்டும் இருந்தால், அது யாரோ தொகுத்தது.

ஆனந்த் எழுதியவை?

முக்கியமாக இரண்டு, இரண்டும் இரண்டு ரகம். ‘மை பெஸ்ட் கேம்ஸ் ஆஃப் செஸ்’ 1998-இல் ஜான் நன் துணையோடு கேம்பிட் பதிப்பகத்தில் வந்து, 2001-இல் விரிவானது. குறிப்பெழுதிய ஆட்டங்கள், 1800-க்கு மேற்பட்டவர்களுக்கு. தெரிந்த ஓபனிங்குகள், வேகமான கணக்கு, சுருக்கமான விளக்கம். ‘மைண்ட் மாஸ்டர்’ (2019), சூசன் நைனனோடு எழுதிய வாழ்க்கை நூல். தயாரிப்பு, தோல்விக்குப் பின் மீள்வது, மேட்சுகளின் பின்னணி என்று போகும். பலகை இல்லாமல் பஸ்ஸில் படிக்கலாம். செஸ் ஆடாத பெற்றோரும் படிக்கலாம். ஆட்டம் கற்றுக்கொள்ள என்று இதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

பிள்ளைக்கு ஆங்கிலம் சுமார்தான். சமாளிக்க முடியுமா?

முடியும். செஸ் குறிப்பில் திரும்பத் திரும்ப வருவது நூறு சொல் இருக்கும், அவ்வளவுதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதுச் சொல்லையும் தமிழ் அர்த்தத்தையும் குறித்துவந்தால் மூன்று நான்கு ஆட்டத்துக்குள் தேவை குறைந்துவிடும். பெற்றோர் செய்யக்கூடியது: குறிப்பை வாசித்து அர்த்தம் சொல்வது, அட்டையைப் பிடித்துக்கொள்வது. பிள்ளை யோசிக்கும்போது ‘யானையைப் பாரேன்’ என்று எடுத்துக்கொடுப்பது மட்டும் கூடாது. பத்து வயதுக்குக் கீழே ஒரு அமர்வு அரை மணி போதும், ஆட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு புத்தகம் முடிக்க எவ்வளவு நாள்?

வாரத்துக்கு ஐந்து நாள், முக்கால் மணி என்றால் ‘செஸ் ஃபண்டமென்டல்ஸ்’ மூன்று மாதம். ஃபிஷரின் அறுபது, வாரம் இரண்டு ஆட்டம் வீதம் முப்பது வாரம். டாலின் மேட்ச் இரண்டரை மாதம். இதைவிட வேகமாகப் போனால் அட்டையை மறந்துவிட்டு வாசித்துக்கொண்டு போகிறீர்கள் என்று பொருள்.

பாதியில் நின்றுபோவதற்கு மூன்று காரணங்கள்தான் பெரும்பாலும். நிலைக்கு மீறிய புத்தகம். எல்லாக் கிளையையும் பார்த்தே தீருவேன் என்ற பிடிவாதம். ஒரே சமயத்தில் மூன்று புத்தகம். முதலாவது என்றால் கூச்சப்படாமல் கீழே இறங்குங்கள். ஒரு ஆட்டத்தில் பாதி நகர்வுக்கு மேல் காரணமே புரியவில்லை என்றால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை.

பலன் வந்ததா என்று எப்படித் தெரியும்?

ரேட்டிங் உடனே ஏறாது. முதல் மாதம் இறங்கக்கூடச் செய்யும்: யோசிக்க அதிக நேரம் எடுத்து, கடிகாரத்தில் மாட்டுவீர்கள். பிளிட்ஸ் (சில நிமிட வேக) ஆட்டத்தில் இதைத் தேடாதீர்கள். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் பாருங்கள். நோட்டில் பத்து ஆட்டத்துக்கு ஒருமுறை மதிப்பெண்ணைக் கூட்டி, நகர்வு எண்ணிக்கையால் வகுங்கள். சராசரி 1-க்குக் கீழே தொடங்கி 1.5 பக்கம் நகர்ந்தால் நல்ல முன்னேற்றம். பூஜ்யங்கள் எண்ட்கேமிலேயே கூடுகின்றன என்றால் அடுத்து வாங்க வேண்டியது ஸ்மிஸ்லோவும் லெவென்ஃபிஷும் எழுதிய ‘ரூக் எண்டிங்ஸ்’. காய் மாற்றும் இடங்களில் கூடுகின்றன என்றால் புதுப் புத்தகம் வேண்டாம், கபாபிளாங்காவின் அந்த 14 ஆட்டங்களை, இந்த முறை தோற்றவர் பக்கம் உட்கார்ந்து, மறுபடி ஆடுங்கள்.